அடுத்த வீட்டுப் பட்டில் ஊசி வைக்கும் முன்

கேள்வி: அக்கா, இளம்பிள்ளை பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடுகிறது. எனக்கு ஜாக்கெட், சுடிதார் தைக்கத் தெரியும். ஏலச்சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. அதை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் வைத்து, கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் எடுக்கச் சொல்கிறார்கள். டிசைனைப் போட்டுவிட்டால் அதுவே தைத்துக்கொள்ளுமாம். வீட்டுக்காரரும் சரி என்கிறார். இறங்கலாமா? எத்தனை மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: இறங்குங்கள் தங்கச்சி. ஆனால் அந்த மெஷினை இந்த வருஷம் வாங்காதீர்கள்.

அது தானாகத் தைக்கும் என்பது உண்மைதான். துணியை இழுத்துப் பிடிக்கும் வளையமான ஃப்ரேமில் பூட்டுவதும், துணி சுருங்காமல் தாங்க அடியில் எந்தப் பேப்பர் வைப்பது என்று முடிவு செய்வதும், நூலின் இழுவையைச் சரிபார்ப்பதும் நம் கைவேலை. தப்பு வருவதெல்லாம் அங்கேதான். அதோடு, நாம் ஊசி வைப்பது அடுத்தவர் துணியில்.

2003-ல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட் வேலைக்கு வந்தது. சேலையோடு சேர்த்து நெய்த துணி. அப்போது நான் ஊசி இடமும் வலமும் ஆடித் தைக்கும் ஜிக்ஜாக் மெஷினில் பழகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மேல்நூலை இறுக்கி வைத்திருந்ததைக் கவனிக்காமல் முதுகில் பாதிக் கொடி போட்டுவிட்டேன். துணி சுருங்கி நின்றது. பிரித்தேன். பருத்தி என்றால் தண்ணீர் தெளித்து நீவினால் ஓட்டை பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டில் ஊசி போன இடம் போனதுதான். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அப்புறம் அதே நிறத்துப் பட்டைத் தேடி மூன்று நாள் தறிக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கிட்டத்தட்ட அதே நிறத்தில் கிடைத்தது, என் காசில் வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் யார் பட்டு கொண்டு வந்தாலும் முதலில் ஓரத் துண்டில் ஒரு இலை தைத்துப் பார்க்காமல் தொடமாட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் ஒரு ஜிக்ஜாக் மெஷின், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. முழங்கால் கட்டையை அழுத்தினால் தையலின் அகலம் கூடும், விட்டால் குறையும். துணியைத் தள்ளும் பல் வேலை செய்யாது, வளையத்தை இரண்டு கையாலும் நீங்கள்தான் நகர்த்த வேண்டும். பழைய வேட்டியை வளையத்தில் தட்டினால் மேளம் மாதிரி ஒலிக்கும் அளவுக்கு இழுத்துப் பூட்டி, முதல் மாதம் கோடும் எழுத்தும் மட்டும் போடுங்கள். பிள்ளைகளின் பெயரை எழுதிப் பழகுங்கள். இலை, மாங்காய் எல்லாம் அப்புறம்.

தைத்ததைப் புரட்டிப் பாருங்கள். பட்டையாக நிரப்பிய தையலின் அடியில் நடுவே மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல், அதாவது அடிநூல், தெரிய வேண்டும். இரண்டு ஓரத்திலும் மேல்நூல் சமமாக வந்திருக்க வேண்டும். பாபின் நூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல் இழுவை அதிகம். இந்த ஒன்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு எந்த மெஷினும் அடங்கும். ஆறு மாதம் தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கை வந்துவிடும்.

பட்டுத் துணியை நேராக ஃப்ரேமில் பூட்டாதீர்கள், வளையத் தடம் விழும். பேப்பரை மட்டும் பூட்டி, அதன் மேல் துணியை விரித்து ஓரத்தில் பெரிய தையலாக ஓட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். துணியை வெட்டும் முன்பே வேலை முடிய வேண்டும், வெட்டின துண்டில் ஓரம் பிடிக்க இடம் இருக்காது.

வரும்படிக் கணக்குக்கு வருவோம். கம்ப்யூட்டர் வேலையில் ஆயிரம் ஸ்டிச்சுக்கு இவ்வளவு என்றுதான் கூலி பேசுவார்கள். ஒரு ஜாக்கெட்டின் முதுகும் இரண்டு கையும் சேர்த்து 60,000 ஸ்டிச் என்று வையுங்கள். ஜரி நூல் வேகம் தாங்காது. நிமிடத்துக்கு 600 வைத்து ஓட்டினால் ஊசி ஓடும் நேரம் மட்டும் 100 நிமிடம். ஃப்ரேம் மாற்றுவது, அறுந்த நூலைக் கோப்பது என்று அரை நாள் போய்விடும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். எனக்கு ஆடியில் கைகொடுத்தது அம்மன் பாவாடைதான். சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நேர்ந்துகொண்டவர்கள் சிவப்பிலும் மஞ்சளிலும் கேட்டு வருவார்கள். அந்த மாதிரி வேலை உங்கள் ஊரில் எது என்று இப்போதே பார்த்து வையுங்கள். பள்ளிச் சீருடைக்கு முத்திரை போடுவது மே, ஜூனில் வரும்.

கடன் எடுக்கும் காலம் வரும்போது விற்கிறவர் காட்டும் தவணைக்குத் தலையாட்டாமல் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கேளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு, நம் பங்கு 5 சதவீதம் போதும். மானியம் கைக்கு வராது. 3 ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து கடனில் கழியும். புதுத் தொழிலுக்குத்தான் அது கிடைக்கும், எனவே மெஷினை வாங்கிவிட்டு அப்புறம் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வீட்டிலேயே எம்ப்ராய்டரி போடுகிறேன். மழை, பனிக் காலத்தில் துணியில் பழுப்புப் புள்ளி விழுகிறது. நூல் குறையா?

பதில்: நூல் இல்லைம்மா, துரு. ராத்திரி ஊசியை மெஷினிலேயே விட்டு வைக்காதீர்கள். கழற்றி, எண்ணெய் தொட்ட துணியில் குத்தி டப்பாவில் போடுங்கள். காலையில் துடைத்து மாட்டி, கழிவுத் துணியில் ஐந்து நிமிடம் ஓட்டிய பிறகு வேலைத் துணியை வையுங்கள். பாபின் பெட்டியையும் அதே மாதிரி துடையுங்கள், அங்கே படியும் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். தண்ணீரில் கரையும் பேப்பர் வைத்திருந்தால் இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றுங்கள், மலை ஈரத்தில் அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.