தலைமுடியை அளந்த பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

போன வாரம் ஓர் அப்பா, என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க மகளோடு என்னிடம் வந்தார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு முன்பணம் கேட்கிறார்களாம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்றார். கவலைப்படாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் ஒரு நோட்டை நீட்டினாள். லேசர் பாயின்டர் முன்னால் தன் தலைமுடி ஒன்றை ஒட்டி, 3 மீட்டர் தள்ளிச் சுவரில் விழுந்த புள்ளிகளின் இடைவெளியை ஸ்கேலால் அளந்திருக்கிறாள். 27 மில்லிமீட்டர். முடியின் தடிமன் 72 மைக்ரான் என்று கணக்கும் போட்டிருக்கிறாள்.

அப்பாவிடம் சொன்னது இதுதான்: அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். சித்தப்பா பையன் ஐடியில் இருக்கிறான் என்பதற்காக இவள் அதைப் படிக்க வேண்டியதில்லை.

இவளுக்கு பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் குவாண்டம் ஒளியியல். லேசரில் ஃபோட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி வரும். சில நேரம் நாலு சேர்ந்து, சில நேரம் ஒன்றுமில்லாமல். அப்படி இல்லாத ஒளியைச் செய்து எடுப்பதுதான் இந்தத் துறையின் வேலை. 405 நானோமீட்டர் ஊதா லேசரை பிபிஓ (BBO) என்ற படிகத்துக்குள் அனுப்பினால், கோடிக்கணக்கான ஃபோட்டான்களில் எப்போதோ ஒன்று பிளந்து, 810 நானோமீட்டரில் ஜோடியாக வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு டிடெக்டர் 'டிக்' என்றால், மறுபக்கம் ஒற்றை ஃபோட்டான் வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஜோடியைப் பிடிக்கக் கண்ணாடிகளை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டு நாள்கணக்கில் உட்கார வேண்டும். முடியை அளந்தவளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது.

இதே குடும்பத்தில் நெருக்கிய ஒளி (squeezed light) என்று, இரைச்சலை அமுக்கிய ஒளி ஒன்று உண்டு. விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் அமெரிக்காவின் லைகோ (LIGO) கருவிகளில் 2019 முதல் இரைச்சலைக் குறைப்பது அதுதான். எந்த ஒளி பழைய இயற்பியலுக்குள் அடங்காது என்று பிரித்துக் காட்டும் கணிதத்தை 1963-இல் தந்தவர்களில் ஒருவரான இ.சி.ஜி. சுதர்சன், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்.

செலவா? அரசுக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்றாம் வருடம் ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் ஐஐடியில் எம்.எஸ்சி. ஆராய்ச்சிக்கு ஜே.ஆர்.எஃப். என்ற உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். மத்திய அரசு 2023-இல் 6,003 கோடி ஒதுக்கிய குவாண்டம் திட்டத்தில் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில்தான் இருக்கிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். முழுப் பயணம் பத்து வருடம். நடுவில் கல்யாணப் பேச்சை எடுத்து அவளை நிறுத்தக் கூடாது. கணக்குப் பிடிக்காமல் போனால் அவளே சொல்லட்டும், அத்தை சொல்ல வேண்டாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இயற்பியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டர் மேல் தூசி படிந்திருக்கிறதா என்று உங்கள் மகளே தொட்டுப் பார்க்கட்டும்.