கடிகாரத்துக்கு நட்சத்திரம் தெரியாது

கேள்வி: ஹாலிவுட் நடிகர் பென் ஜான்சன் 1953-இல் ரோடியோவுக்கு, அதாவது அமெரிக்க மாட்டுக்காரர்களின் (கௌபாய்) குதிரை, காளைப் போட்டிகளுக்குப் போனது விளம்பரத்துக்குத்தானே? சினிமாக்காரர் என்று உலக சாம்பியன் பட்டத்தையும் தூக்கிக் கொடுத்திருப்பார்கள்!

பதில்: தூக்கிக் கொடுக்க முடியாத பட்டம் அது. அந்தக் காலத்தில், ஒரு பிரிவில் ஆண்டு முழுக்க அதிகப் பரிசுப் பணம் வென்றவரே அதில் சாம்பியன். அவர் வென்றது 'டீம் ரோப்பிங்', அதாவது இருவர் சேர்ந்து சுருக்குக் கயிறு வீசிக் காளையைப் பிடிக்கும் போட்டி. இருவர், இரு குதிரை, ஒரு காளை. மார்க் போட ஆள் கிடையாது, கடிகாரம்தான். காளைக்கு உரிய முன்தூரத்தைக் கொடுக்காமல் பாய்ந்தால் 10 வினாடி அபராதம். முதல் ஆள் கொம்பில் சுருக்கை மாட்டி, சேணத்தின் முன்பக்கக் குமிழில் கயிற்றைச் சுற்றிக் காளையை இடப்பக்கம் இழுப்பார். பின்னால் வருபவர் ஓடும் காளையின் இரு பின்னங்கால்களிலும் சுருக்கு மாட்ட வேண்டும். ஒரு கால்தான் சிக்கியது என்றால் 5 வினாடி கூடும். இரு குதிரைகளும் எதிரெதிரே நின்று கயிறு விறைத்தால்தான் நேரம் நிற்கும். குமிழில் சுற்றும்போது கட்டைவிரலை மேலே தூக்கி வைக்காமல் கயிற்றுக்கும் குமிழுக்கும் நடுவே விட்டால், விரல் போயிற்று. டூப் போட்டுச் செய்கிற வேலையா இது?

டூப் போட்டதே அவர்தான் என்பது வேறு விஷயம். 1918-இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். அப்பா பண்ணை மேலாள், அவரும் ரோடியோ சாம்பியன். 1940-இல் தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹ்யூஸின் படத்துக்குக் குதிரைகளைக் கொண்டுவந்த ஜான்சன், ஹாலிவுட்டிலேயே தங்கிக் குதிரை மேய்த்தார், நடிகர்களுக்குப் பதிலாக விழுந்தார். 'ஃபோர்ட் அபாச்சி' படப்பிடிப்பில் வண்டி ஒன்று ஆட்களோடு தறிகெட்டு ஓட, குதிரையில் விரட்டிப்போய் நிறுத்தினார். அதன் பிறகுதான் இயக்குநர் ஜான் ஃபோர்டு அவரை நடிகராக ஒப்பந்தம் செய்தார். பிறந்த வீட்டுக்குப் போனவரை ஊர் சுற்றப் போனார் என்கிறீர்கள்.

ஆஸ்கர் கிடைத்தது 1971-இல் வந்த 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' படத்துக்கு. அந்த வேடத்தையும் வசனத்தில் கெட்ட வார்த்தை அதிகம் என்று முதலில் மறுத்தவர்!

விளம்பர லாபத்துக்கும் வருவோம். ரோடியோவில் சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணம் கட்டி இறங்கி, ஜெயித்தால்தான் காசு. பெட்ரோல், சாப்பாடு, குதிரைத் தீவனம் எல்லாம் சொந்தச் செலவு. உலக சாம்பியனாக வீடு திரும்பியபோது கையில் 3 டாலர்கூட இல்லை, மிச்சம் ஒரு தேய்ந்த காரும் கோபத்தில் இருந்த மனைவியும்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.