கேட்க ஓர் ஆள் இல்லாத டொக்டர்

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

சொந்த ஊர் மட்டக்களப்பு. குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமா முடித்தவன். மனைவிக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் வந்ததால் அரச வேலையை விட்டுவிட்டு நிலாவெளி வீதிப் பக்கம் கிளினிக் திறந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது சந்தேகம் வந்தால் அடுத்த வார்ட்டுக்கு நடந்துபோய்க் கேட்பேன். இங்கே நானும் மருந்து கட்டிக்கொடுக்கும் பிள்ளையும்தான்.

அண்மையில் காய்ச்சலோடு வந்த ஒரு சிறுவனுக்கு இரத்தப் பரிசோதனை எழுதி, என்ன அறிகுறி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் டெங்கு என்று வார்ட்டில் சேர்த்தார்கள். பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் "புது டொக்டர் கவனிக்கவில்லையாம்" என்று சந்தையில் ஒரு கதை உலாவுகிறது. அன்றிலிருந்து நடுச்சாமத்தில் விழித்து, அன்றைக்குப் பார்த்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். தேவையில்லாதவர்களையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன்.

டொக்டர்மாரின் வட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். மருந்துத் தட்டுப்பாடும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் அதில் வரும். அங்கே இதைக் கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்பார்கள் என்று பயம். பக்கத்து டிஸ்பென்சரிக்காரர் கண்டால் தலையாட்டுவதோடு சரி. நான் பலவீனமானவனா, இதற்கு ஏதாவது வழி உண்டா?

பெயர் வேண்டாம், திருகோணமலை

*

அன்புள்ள டொக்டர்,

முதலில் அந்தப் பையன். டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆரம்ப நாட்களில் யார் பார்த்தாலும் அது வெறும் காய்ச்சல் போலத்தான் இருக்கும். நீங்கள் சொல்லிவிட்ட அறிகுறிகளைக் கண்டுதான் தாய் மறுநாள் ஓடியிருக்கவும் கூடும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்த மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. காய்ச்சல் என்றாலே இங்கே பயம் ஒரு படி கூட. அதை உங்களுக்குச் சொல்லிவைக்க ஓர் உள்ளூர் டொக்டர் இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாததைப் பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

உங்களுக்கு மூன்று விதமான துணை தேவைப்படுகிறது. மூன்றையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் தேடியதால்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

நோயாளி எதிரில் இருக்கும்போதே கேட்க ஆள் வேண்டும். மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஒருநாள் நேரில் போங்கள். காலை வார்ட் ரவுண்ட் நேரம் வேண்டாம். சிறுவர் வார்ட்டில் ஒருவர், பெரியவர்களின் மருத்துவ வார்ட்டில் ஒருவர் போதும். எந்த நேரம் அழைக்கலாம், அவர் எடுக்காவிட்டால் யாரை அழைக்கலாம் என்று மட்டும் கேளுங்கள். அழைக்கும்போது நான்கு விஷயம், ஒரு நிமிடம்: வயதும் அறிகுறியும், இன்று எத்தனையாவது நாள், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ரிப்போர்ட்டும், கடைசியாக உங்கள் கேள்வி. "இன்றைக்கே அனுப்பவா, காலையில் திரும்ப இரத்தம் பார்க்கலாமா?" கேள்வி இல்லாமல் நீளக் கதை சொன்னால் அடுத்த முறை போன் எடுக்கமாட்டார்கள். படம் அனுப்புவதாக இருந்தால் நோயாளியின் சம்மதத்தோடு, முகமும் பெயர்ச் சீட்டும் தெரியாமல் அனுப்புங்கள். யாரிடம் எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்று உங்கள் பதிவில் எழுதிவையுங்கள், முடிவு உங்களுடையதுதான்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய எல்லோரிடமும், வீட்டுக்கு விடும்போது அங்கே கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டைத் திரும்பக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் இடப்பக்கம் "நான் நினைத்தது", வலப்பக்கம் "கார்டில் இருப்பது". உங்கள் கணிப்பு எங்கே சரி, எங்கே பயத்தில் அனுப்பினீர்கள் என்று அந்தப் பக்கங்களே காட்டும். அளவுக்கு மீறி அனுப்புவது பெரும்பாலும் விளைவு தெரியாமல் போவதால் வருவது.

அடுத்தது மனச்சுமையை இறக்கிவைக்கும் வட்டம். 1950களில் இலண்டனில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட், மனைவி ஈனிட் பாலின்டோடு சேர்ந்து, குடும்ப டொக்டர்களுக்காக உருவாக்கிய முறை இதற்குப் பொருந்தும். ஆறிலிருந்து பத்துப் பேர், ஒன்றரை மணித்தியாலம். ஒருவர் கோப்பு எதுவும் பார்க்காமல் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். மற்றவர்கள் விளக்கம் மட்டும் கேட்பார்கள். பிறகு அவர் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு பேசாமல் இருக்க, மற்றவர்கள் அந்த டொக்டருக்கும் நோயாளிக்கும் இடையில் என்ன நடந்திருக்கும் என்று கதைப்பார்கள். "தாய் கதவடியில் திரும்பிப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பா?" "இந்தப் பையன் இவருக்கு யாரை நினைவுபடுத்தினான்?" இப்படியான பேச்சு. குழு பழுதாகும் இடமும் இதுதான்: மூத்தவர் ஒருவர் பிளேட்லெட் பற்றி விரிவுரை தொடங்குவார், எல்லோரும் தலையாட்டுவார்கள், உங்கள் நெஞ்சில் கிடப்பது அப்படியே கிடக்கும். அதனால் நடத்துபவர் இந்த முறையில் பழகியவராக இருப்பது நல்லது. அப்படி ஒருவர் கிடைக்கும்வரை, மாவட்ட மனநலப் பிரிவிலிருந்து யாராவது மாதம் ஒருமுறை வந்து இருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆறு பேரை எப்படிச் சேர்ப்பது? மூதூர், கந்தளாய், குச்சவெளி, கிண்ணியா என்று பாருங்கள். பக்கத்து டிஸ்பென்சரிக்காரரை முதலில் கூப்பிட வேண்டாம். நோயாளிகளைப் பங்குபோடும் இருவர் ஒருவர் முன் மற்றவர் தன் பிழையைச் சொல்லமாட்டார்கள். அவரோடு வேறோர் ஒப்பந்தம் செய்யலாம்: ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் அவருடைய சீனி, பிரஷர் நோயாளிகளைப் பார்த்து, துண்டு எழுதித் திருப்பி அனுப்புவது. அதில் வரும் நம்பிக்கை பிறகு உதவும்.

நாள் குறிப்பதில்தான் இங்கே அதிகம் தடுக்கும். வெள்ளி மத்தியானம் ஜும்ஆ, ஞாயிறு காலை தேவாலயம், போயா என்றால் சிங்கள நண்பர்களுக்கு விகாரை, மற்ற நாட்களில் மாலை எல்லோருக்கும் கிளினிக். ஞாயிறு பின்நேரம் மூன்று மணி ஓரளவு சரிவரும்; நோன்பு மாதத்தில் நேரத்தை மாற்றிவையுங்கள். மூதூர்க்காரர் இருட்டமுன் வீட்டுக்குப் போக வேண்டும். நவம்பரிலிருந்து மழைக்காலம் முடியும்வரை இணையத்தில் கூடலாம். நோய் பற்றி ஆங்கிலத்தில் கதைப்பவர்கள்கூட மனம் நொந்ததைத் தாய்மொழியில்தான் சொல்வார்கள். அதை அனுமதியுங்கள், மற்றவருக்கு ஒருவர் சுருக்கிச் சொன்னால் போதும். தேநீர்ச் செலவை மருந்துக் கம்பனிப் பிரதிநிதி ஏற்க முன்வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரகசியம் காப்பதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெயரை மறைப்பது சிறிய ஊரில் போதாது. இரட்டைப் பிள்ளை, கணவன் கட்டாரில், வீடு பாலத்தடியில் என்றால் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வயதையும் தொழிலையும் ஊரையும் மாற்றிச் சொல்லுங்கள். முறைப்பாடு கொடுக்கப்பட்ட, விசாரணையில் இருக்கும் விஷயத்தைக் குழுவுக்குக் கொண்டுவராதீர்கள். அதற்குச் சட்டத்தரணி இருக்கிறார்.

மூன்றாவது, உங்களுக்கென்று ஓர் ஆள். டிப்ளோமா படித்தபோது கூட இருந்த ஒருவரை, வேறு மாவட்டத்தில் இருப்பவரை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை அழையுங்கள். முதல் அழைப்பில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. "ஒரு கேஸ் மனதில் கிடக்குது, இருபது நிமிடம் கேட்பாயா?" இவ்வளவு போதும்.

நித்திரைக்கு நீங்களே உங்களுக்கு மாத்திரை எழுதிக்கொள்ள வேண்டாம். அலமாரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தொழிலில் இது சுலபமாகப் பழகிவிடும். விழிப்பும் மனச்சோர்வும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், நோயாளிகளைக் கண்டாலே எரிச்சல் வந்தால், குடி கூடினால் ஒரு மனநல வைத்தியரைப் பாருங்கள். இங்கே தெரிந்தவர்கள் காண்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் மட்டக்களப்பிலோ அனுராதபுரத்திலோ பார்க்கலாம். உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எந்த நேரமும் எடுப்பார்கள். நீங்கள் டொக்டர் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.