வளாகத்தில் துப்பாக்கிச் சூடு: பெற்றோரின் துக்கமும் கோபமும் – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்களிடமிருந்தும், அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு நெருக்கமானவர்களிடமிருந்தும் வந்த கேள்விகள் இவை. துக்க ஆலோசனைப் பணியில் இருப்பவர்களும், வெளிநாட்டில் இறந்தவர்களை ஊர் கொண்டுவந்து சேர்க்க உதவுபவர்களும் பதில் அளிக்கிறார்கள்.

2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் எங்கள் பக்கத்து ஊர்க்காரரான பேராசிரியர் லோகநாதன் உட்பட 32 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவனும் அங்கேயே தற்கொலை செய்துகொண்டான். அதன் பிறகும் சில பெற்றோர் பல ஆண்டுகள் பல்கலைக்கழகத்தோடு ஏன் போராடினார்கள்? நஷ்டஈட்டுக்காகவா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

நஷ்டஈட்டுக்காக என்று சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநியாயம். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யாருக்கு முதலில் தெரிந்தது, தெரிந்தவர்கள் ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் கேள்வி.

ஏப்ரல் 16 அன்று காலை 7.15 மணியளவில் மாணவர் விடுதி ஒன்றில் இருவர் சுடப்பட்டார்கள். இது காதல் தகராறாக இருக்கும், சுட்டவன் வளாகத்தை விட்டுப் போயிருப்பான் என்று போலீஸ் நினைத்தது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. அடுத்த கால் மணி நேரத்துக்குள் நாரிஸ் ஹால் கட்டடத்தில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த லோகநாதனோடு சேர்த்து அங்கே 30 பேர் இறந்தார்கள். இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை வந்திருந்தால் என் பிள்ளை அறையிலேயே இருந்திருப்பானே என்று ஒவ்வொரு தாய் தகப்பனும் நினைப்பது இயற்கை.

இன்னொன்று அதைவிடக் கொடுமையானது. விடுதியில் சுடப்பட்ட மாணவி உடனே இறக்கவில்லை. சுமார் மூன்று மணி நேரம் உயிரோடு இருந்தார். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும்பட்டார். அவர் இறந்த பிறகுதான் பெற்றோருக்குச் சொன்னார்கள். ஆளுநர் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கைக்கு 2009-இல் திருத்தம் வந்தபோதுதான் இந்த விவரம் ஊருக்குத் தெரிந்தது.

2008-இல் மாநில அரசு பெரும்பாலான குடும்பங்களோடு 1.1 கோடி டாலர் சமரசத்துக்கு வந்தது. அதிகாரிகளை நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பும் அந்த உடன்பாட்டில் இருந்தது. ஏற்காத இரண்டு குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2012-இல் ஜூரி ஆளுக்கு 40 லட்சம் டாலர் என்றது. சட்ட உச்சவரம்பால் அது ஒரு லட்சமாகக் குறைந்தது. 2013-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. கையில் ஒன்றும் மிஞ்சாத வழக்குதான். ஆனாலும் பல்கலைக்கழகத் தலைவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பதில் சொல்லவைத்தார்கள். அவர்களின் கோபம் துக்கத்தின் ஒரு பகுதி என்றே நாங்கள் கருதுகிறோம். அதற்கு நியாயமும் இருந்தது.

மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். இப்படி ஏதாவது நடந்தால் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியது எது?
– வாசகி, பெருந்துறை

முதலில் பெயர். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். சிலருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதற்பெயர் தெரியவில்லை) என்று இருக்கும். மருத்துவமனைப் பட்டியலில் உங்கள் மகன் உங்கள் கணவர் பெயரில் கிடப்பான். நீங்கள் மகன் பெயரைச் சொல்லிக் கேட்டால் 'அப்படி யாரும் இல்லை' என்பார்கள். எனவே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, பெயரை இரண்டு வரிசையிலும் சொல்லிக் கேளுங்கள். பிறந்த தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது தொடர்பு எண்கள். பல்கலைக்கழக மாணவர் கணக்கில் அவசரத் தொடர்பு என்ற பகுதி இருக்கும். அங்கே உங்கள் எண்ணை 91-உடன் போடச் சொல்லுங்கள். அமெரிக்காவிலேயே உள்ள ஒரு உறவினர் எண்ணும் வேண்டும், நடு இரவில் வெளிநாட்டு எண்ணுக்கு அழைக்க யாரும் முன்வராமல் போகலாம். வளாக விடுதியில் தங்கியிருந்தால், காணாமல் போனால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரகசியத் தொடர்பு ஒன்றைத் தனியாகப் பதியலாம். அவன் காணவில்லை என்று உறுதியானதும் 24 மணி நேரத்துக்குள் நிர்வாகம் அந்த நபருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது கிளெரி சட்டம். 1986-இல் விடுதி அறையில் கொலையான மாணவி ஜீன் கிளெரியின் பெற்றோர் போராடி 1990-இல் கொண்டுவரச் செய்த சட்டம் அது. ஆபத்து உறுதியானவுடன் வளாகம் முழுவதற்கும் அறிவிக்க வேண்டும் என்ற பிரிவு வர்ஜீனியா டெக்குக்குப் பிறகு 2008-இல் சேர்ந்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மூன்று ஆண்டுக் குற்றக் கணக்கை அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும். இணையத்தில் யாரும் படிக்கலாம்.

கல்லூரிக்குப் போனதும் பிள்ளையின் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்கே போய்விடுகிறது. பெற்றோர் என்று சொன்னாலும் சாதாரண நாளில் விவரம் தர மறுக்கலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. அது அனுமதி மட்டுமே, கட்டாயம் இல்லை. ஆகவே ஒப்புதல் படிவத்தை மகன் இப்போதே கையெழுத்திட்டு வைப்பது நல்லது. தன்னால் பேச முடியாத நிலையில் மருத்துவ முடிவு எடுக்க அங்கேயே வசிக்கும் ஒருவரை நியமிக்கும் படிவமும் மாநிலத்துக்கு மாநிலம் உண்டு.

சம்பவ நேரத்தில் தொலைபேசியில் அழைக்காதீர்கள். ஒளிந்திருக்கும் பிள்ளையின் கைபேசி ஒலித்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடும், பேட்டரியும் தீரும். 'பத்திரமா? ஒரு எழுத்து அனுப்பு' என்று ஒரே ஒரு செய்தி போடுங்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் தனித்தனியாகக் கேட்காமல், வீட்டில் ஒருவர் மட்டும் தொடர்பில் இருக்கட்டும். அறை நண்பர்கள் இருவரின் எண், பன்னாட்டு மாணவர் அலுவலக எண், ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று) நகல் மூன்றும் உங்கள் கையில் தாளாகவும் இருக்க வேண்டும்.

உயிர் போய்விட்டால் உடலைக் கொண்டுவர எவ்வளவு நாள் ஆகும்? பெற்றோர் என்னென்ன கையெழுத்துப் போட வேண்டும்?
– வாசகர், நாமக்கல்

கொலை என்பதால் போஸ்ட்மார்ட்டம் கட்டாயம். வேண்டாம் என்று சொல்லி நிறுத்த முடியாது. பலர் இறந்த சம்பவத்தில் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லும் வழக்கத்தை நம்பாமல் கைரேகை, பல் பதிவு கேட்பார்கள். ஆளை மாற்றிக் கொடுத்துவிடும் பெரும் தவறைத் தவிர்க்கத்தான் அந்தத் தாமதம். ஊரில் பல் வைத்தியம் பார்த்திருந்தால் எக்ஸ்ரேயை உடனே தேடி அனுப்புங்கள்.

உடலை விடுவித்த பிறகு வேலை முழுவதும் அங்குள்ள ஃபியூனரல் ஹோம் (இறுதிச் சடங்கு நிறுவனம்) வழியாக நடக்கும். மணமாகாத பிள்ளைக்குப் பெற்றோர்தான் சட்டப்படி நெருங்கிய உறவு. ஆகவே நீங்கள் நோட்டரி முன் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். அவர்கள் எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது) செய்து சான்றிதழ் தருவார்கள். இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் சான்றிதழ், ரத்து செய்த பாஸ்போர்ட், இந்தியத் துணைத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று ஆகிய நான்கும் இல்லாமல் விமான நிறுவனம் ஏற்றாது. இந்தியப் பக்கத்தில் சுகாதாரத்துறை அனுமதிக்கு இ-கேர் என்ற இணையதளம் 2023 முதல் இருக்கிறது. இதே ஆவணங்களை அதில் ஏற்ற வேண்டும். அதிகம் சிக்குவது பெயரில்தான். இறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து மாறினாலும் மற்றவை பொருந்தாது. அச்சிடும் முன் வரைவைக் கேட்டுச் சரிபாருங்கள். உடலை வாங்கப்போகிறவர் பெயரும் அவரது அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும்.

நாள் கணக்கு சொல்லிக் காரியப் பத்திரிகை அடித்துவிடாதீர்கள். வார இறுதி குறுக்கே வந்தால் எல்லாமே தள்ளிப்போகும்.

செலவுக்கு: கல்லூரிக் காப்பீட்டில் உடலை ஊருக்கு அனுப்பும் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்திலும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் உண்டு, ஈமச்செலவும் அதில் அடங்கும். மனுவுக்குக் காலக்கெடு இருப்பதால் ரசீதை விடாமல் வாங்குங்கள். வசதி குறைந்த குடும்பங்களுக்குத் தூதரகத்தின் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம்.

நேரில் போக விரும்புகிறவர்களிடம் விசா இல்லையென்றால், டி.எஸ். 160 படிவம் நிரப்பி, கட்டணம் கட்டி, கிடைக்கும் வழக்கமான நேர்காணல் தேதியை முதலில் பதிய வேண்டும். அதற்குப் பிறகே அவசரத் தேதிக்கான கோரிக்கை வைக்க முடியும். இது தெரியாமல் அவசரத் தேதியையே தேடிக்கொண்டிருந்து நாளை இழக்கிறார்கள்.

உடலைப் பார்ப்பதா வேண்டாமா என்று உறவினர்கள் முடிவு செய்யக்கூடாது. காயம் எங்கே, எந்த அளவு மூடியிருக்கிறது என்பதை முன்பே விளக்கிவிட்டு, 'பார்க்கிறீர்களா? கையை மட்டும் தொட்டுப் பார்க்கிறீர்களா?' என்று தாயிடமே கேளுங்கள். கைபேசி, மடிக்கணினி, உடுத்தியிருந்த துணி சாட்சிப் பொருளாகப் போலீஸிடம் இருக்கும். வழக்கு முடிந்தபின் எவை வேண்டும், துணியைத் துவைத்துத் தர வேண்டுமா அப்படியே தர வேண்டுமா என்பதை இப்போதே எழுத்தில் கொடுங்கள்.

உறவில் ஒரு பையன் இப்படிப் பலியானான். அவன் அப்பா ஓயாமல் வக்கீல், நிருபர் என்று பேசிக்கொண்டிருக்கிறார். அம்மா அறையை விட்டு வருவதில்லை. 'உங்களுக்குப் பிள்ளை போன துக்கமே இல்லை' என்று அவரைச் சொல்கிறார். நாங்கள் யார் பக்கம் பேசுவது?
– வாசகி, திருச்சி

இருவர் பக்கமும். துக்கப்படுகிற மனம் இழப்புக்குள் போவதும், அதை விட்டு ஏதாவது வேலைக்குள் போவதுமாக மாறி மாறி அலையும் என்று ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் எழுதினார்கள். அப்பா வேலைப் பக்கத்தில் நிற்கிறார். அவர் மனைவி இழப்பின் பக்கத்தில். இருவரும் மாறி மாறிப் போகாமல் அவரவர் இடத்திலேயே தங்கிவிடுவதுதான் சிக்கல். வழக்குப் பேச்சுக்கு ஒரு நேரம் வைத்து, அதன் பிறகு தொலைபேசியை வேறு ஒருவர் எடுக்கட்டும். பையனின் எந்தப் படத்தை ஊடகத்துக்குத் தரலாம் என்பதில் அம்மாவின் சொல்லே கடைசி. அவரை வெளியே இழுக்காமல், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் கூடத்துக்கு வரச் சொல்லுங்கள்.

கருத்து வேறுபாடும் இயல்பே. 2018-இல் ஃபுளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த பிறகு, பெற்றோரில் சிலர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கும் சிலர் பள்ளிப் பாதுகாப்புக்கும் போனார்கள். ஒரு தாய் தன் மகள் பெயரால் வகுப்பறை அவசரப் பொத்தான் சட்டத்தை 2019-இல் நியூ ஜெர்சியிலும் 2020-இல் ஃபுளோரிடாவிலும் கொண்டுவரச் செய்தார். எதுவும் செய்யாமல் வீட்டில் இருந்த பெற்றோரின் அன்பு இதனால் குறைந்ததாகாது.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் 'விதி', 'அங்கே அனுப்பாமல் இருந்திருக்கலாம்', 'இன்னொரு பிள்ளை இருக்கிறானே' என்ற மூன்றையும் வாயில் வைத்துக்கொள்ளாதீர்கள். பையனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். 'ஏதாவது உதவி வேண்டுமா' என்று கேட்டால் 'ஒன்றும் வேண்டாம்' என்றுதான் பதில் வரும். 'நாளைக்கு வங்கி வேலைக்கு நான் போகிறேன்' என்று சொல்லுங்கள். பதினாறாம் நாள் காரியத்தோடு கூட்டம் கலைந்துவிடும். அதற்குப் பிறகுதான் வீடு வெறிச்சோடும், அப்போது போங்கள்.

சம்பவ வீடியோ வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. எச்சரிக்கைக்காக அனுப்பலாமா?
– வாசகர், மதுரை

கூடாது. போலீஸ் வீட்டுக்குச் சொல்லும் முன் ஒரு தாய் அதைத் திறந்துவிடலாம்.

சுட்டவனின் பெற்றோரை என்னவென்று நினைப்பது?
– வாசகி, சேலம்

பெரும்பாலும் அவர்களும் பிள்ளையை இழந்தவர்களே. அழக்கூட உரிமையில்லாத துக்கம் அது. எல்லா வீடும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021-இல் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். சம்பவத்துக்கு நான்கு நாள் முன்பு சுட்டவனுக்குத் துப்பாக்கி வாங்கித் தந்தவர் அவன் தந்தை. அன்று காலை பள்ளி அழைத்துக் கவலை தெரிவித்தும் பெற்றோர் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. 2024-இல் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை.

எத்தனை நாள் வரை இது சாதாரண துக்கம்? எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

நாள் வைத்து மட்டும் அளக்க முடியாது. முதல் வாரங்களில் தூக்கம் கெடுவதும், பட்டாசுச் சத்தத்துக்குத் துடிப்பதும், பிள்ளை கதவைத் தட்டுவதுபோல் கேட்பதும் நோய் இல்லை. சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்காரவைத்து 'நடந்ததைச் சொல்லுங்கள்' என்று ஒரே அமர்வில் கிளறுவதால் பலன் இல்லை; சிலருக்குக் கெடுதலும் உண்டு. முதல் நாட்களில் சாப்பாடு, தூக்கம், சரியான தகவல் மூன்றும் போதும்.

ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் ஒரு நாளும் தணியாமல், வேலையோ வீடோ பார்க்க முடியாமல் இருந்தால் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கணக்கு 12 மாதம். இதற்கென்றே பேச்சு சிகிச்சை உண்டு. 'துக்கத்துக்கு மாத்திரை மட்டும் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். குடி கூடினாலோ, 'அவன்கிட்டயே போயிடறேன்' என்ற பேச்சு வந்தாலோ மாதக் கணக்கு பார்க்க வேண்டாம். அன்றே 14416 என்ற டெலி-மானஸ் (இந்திய அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 988.

வழக்கின் வாய்தா, பட்டமளிப்பு நாள், இன்னொரு வளாகத்தில் சூடு என்ற செய்தி ஆகியவை வரும் வாரங்களில் எல்லாம் திரும்ப வரும். அந்தத் தேதிகளை முன்பே நாட்காட்டியில் குறித்து, வீட்டில் யார் உடன் இருப்பது என்று முடிவு செய்யுங்கள். உடன்பிறந்த தம்பி தங்கையின் தூக்கம், பள்ளி வருகை இரண்டையும் கவனியுங்கள். பெற்றோரை நோகடிக்கக்கூடாது என்று அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். சித்தப்பாவோ அத்தையோ ஒருவர் வாரம் ஒருமுறை அவர்களைத் தனியாக வெளியே கூட்டிப்போய்ப் பேசட்டும்.