ஐசியு அனுபவம் இருக்கிறது, அடுத்து என்ன? ஏ.சி.சி.பி. பயிற்சி: கேள்வி-பதில்

பிரிட்டன் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் தமிழ் நர்ஸ்கள், பிசியோதெரபிஸ்டுகள், பாராமெடிக்குகள் பலர் ஏ.சி.சி.பி. பயிற்சி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஏ.சி.சி.பி. என்பது அட்வான்ஸ்ட் கிரிட்டிக்கல் கேர் பிராக்டிஷனர் என்பதன் சுருக்கம். டாக்டர் அல்லாத, அனுபவமுள்ள ஒருவர், கன்சல்டன்ட்டின் (மூத்த சிறப்பு டாக்டரின்) மேற்பார்வையில் ஐசியு நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கணித்து, சிகிச்சைத் திட்டம் வகுத்து, மருந்தும் எழுதும் பொறுப்பு இது. இதற்கான முதல் தேசியத் தகுதி வரையறை 2008-ல் வந்தது. எஃப்.ஐ.சி.எம். எனப்படும் தீவிர சிகிச்சை மருத்துவப் பேராயம் 2015-ல் தனிப் பாடத்திட்டம் வெளியிட்டது.

திருச்சியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். பர்மிங்காமில் நான்கு வருடமாக ஐசியு, இப்போது பேண்ட் 6 (என்.எச்.எஸ். சம்பளப் படிநிலை). எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்?

பல்கலைக்கழகத்துக்கு அல்ல, வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 'டிரெய்னி ஏ.சி.சி.பி.' என்று மருத்துவமனை டிரஸ்ட்தான் விளம்பரம் செய்யும். தேர்வானால் அவர்களே உங்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பார்கள். முழுநேரமாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகள். முதுநிலை டிப்ளமோவாவது முடிக்க வேண்டும். பலர் ஆய்வேடு எழுதி எம்.எஸ்சி.யாக நிறைவு செய்கிறார்கள். பயிற்சியில் பெரும்பாலும் பேண்ட் 7, முடித்ததும் 8ஏ.

கைக்காசு போட்டு 'அட்வான்ஸ்ட் பிராக்டிஸ்' எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டு, பதவியைப் பிறகு தேடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பட்டம் கிடைக்கும், ஆனால் ஐசியு கன்சல்டன்ட் பார்த்துக் கையெழுத்திட்ட மதிப்பீடுகள் இருக்காது. அவை இல்லாமல் எஃப்.ஐ.சி.எம். உறுப்பினராக முடியாது. காசு செலவழிக்கத் தயார் என்றால், முதுநிலைத் தரத்தில் நோயாளிப் பரிசோதனை பற்றிய ஒரே ஒரு மாட்யூல் மட்டும் முடித்து வையுங்கள். அந்தத் தரத்தில் உங்களால் படிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். என் பெயருக்கு எந்த கன்சல்டன்ட் மேற்பார்வையாளர்? வாரத்தில் எத்தனை ஷிஃப்ட் அவரோடு? படிப்பு நாள் ரோட்டாவிலேயே குறிக்கப்படுமா? முடித்த பிறகு 8ஏ பதவி நிச்சயமா, மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா? இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால், அந்த இடத்தில் திட்டம் இன்னும் தயாராகவில்லை.

சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, வாரத்தில் இரண்டு நாளாவது என்னை நர்ஸாகப் படுக்கைக்கு அனுப்புகிறார்கள். எப்படி மறுப்பது?

இந்தப் பயிற்சி குலைவது பெரும்பாலும் இங்கேதான். பயிற்சி பெறுபவர் ரோட்டாவில் (பணி அட்டவணையில்) கூடுதல் ஆள். எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ஒரு நோயாளியோடு 12 மணி நேரம் நின்றால் அன்று நீங்கள் நல்ல நர்ஸாக இருந்திருப்பீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பது, யாருக்கு ஸ்கேன், யாருக்குக் காத்திருக்கலாம் என்று முடிவெடுக்கும் பழக்கம் வராது. நீங்கள் பயிற்சிக்கு வந்தது அதற்காக.

ஷிஃப்ட் பொறுப்பாளரோடு வாக்குவாதம் வேண்டாம். அவர் நிலைமையும் கஷ்டம்தான். ஒரு தாளில் தேதி, நேரம், எந்தக் கற்றல் வாய்ப்பு தவறியது என்று குறித்துக்கொண்டே வாருங்கள்: 'ரவுண்டில் மூன்று புது அட்மிஷன், ஒன்றையும் பார்க்கவில்லை'. நான்கு வாரக் குறிப்போடு கன்சல்டன்ட் மேற்பார்வையாளரைச் சந்தியுங்கள். பல்கலைக்கழகத்தின் பாடப் பொறுப்பாளருக்கும் நகல் போகட்டும். டிரஸ்ட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஒப்பந்தம் இருப்பதால், இது உங்கள் தனிப்பட்ட புகாராக நிற்காமல் ஒப்பந்தப் பிரச்சினையாகிவிடும். வாயால் சொன்னது மறுநாளே மறந்துபோகும்.

நான் பிசியோதெரபிஸ்ட். எங்களுக்கும் இடம் உண்டா? மருந்து எழுதும் உரிமையில் வித்தியாசம் உண்டா?

இடம் உண்டு. வித்தியாசமும் உண்டு, அதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பிசியோக்களுக்குச் சுதந்திரமாக மருந்து எழுதும் உரிமை 2013-ல் வந்தது, பாராமெடிக்குகளுக்கு 2018-ல். சிக்கல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் இருக்கிறது. நர்ஸ்களுக்கு இதில் பரந்த உரிமை. பிசியோக்களுக்கு ஏழே மருந்துகள்: டயாசெபாம், டைஹைட்ரோகோடீன், லோராசெபாம், மார்ஃபின், ஆக்சிகோடோன், டெமாசெபாம், ஃபென்டனில். அதிலும் ஃபென்டனில் தோலில் ஒட்டும் பேட்சாக மட்டும். நோயாளியை மயக்க நிலையில் வைக்க உதவும் மிடாசோலம் பட்டியலிலேயே இல்லை. பாராமெடிக்குகளின் பட்டியலில் மிடாசோலமும் மார்ஃபினும் உண்டு, ஃபென்டனில் இல்லை.

இதன் விளைவு என்ன? வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஃபென்டனில் இன்ஃப்யூஷன் தொடங்க வேண்டும் என்று நீங்கள் சரியாகவே முடிவெடுத்தாலும், சார்ட்டில் வேறொருவர்தான் எழுத வேண்டும். பகலில் இது பெரிய விஷயமல்ல. இரவு ரோட்டாவில் அந்த 'வேறொருவர்' யார் என்பதை யூனிட் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். மயக்க மருந்தான ப்ரோபோஃபால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து அல்ல என்பதால் அதற்கு இந்தத் தடை இல்லை.

மருந்து எழுதும் படிப்பில் கணக்குத் தேர்வுக்கு 100 மதிப்பெண் வேண்டுமாமே? கணக்கு என்றாலே பயம்.

ஆமாம், கணக்கில் 100 சதவீதம், மருந்தியலில் குறைந்தது 80. பயப்பட வேண்டாம், இதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். தவறு பெரும்பாலும் அலகு மாற்றும் இடத்தில் வருகிறது, அதிலும் நிமிடத்தை மணியாக்க 60-ஆல் பெருக்க மறப்பதில்.

ஐசியு கணக்கு ஒன்று. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நோரட்ரீனலின் 4 மி.கி., 50 மி.லி. சிரிஞ்சில். அதாவது ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். நோயாளி 70 கிலோ, வேண்டிய அளவு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். நிமிடத்துக்கு 7, மணிக்கு 420 மைக்ரோகிராம். 420-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 5.25 மி.லி.

இதையே தலைகீழாகவும் போட்டுப் பழகுங்கள், ரவுண்டில் அதுதான் தேவைப்படும். பம்ப் மணிக்கு 12 மி.லி. ஓடுகிறது என்றால், மணிக்கு 960, நிமிடத்துக்கு 16, கிலோவுக்கு 0.23. செப்டிக் ஷாக்கில் (கடும் தொற்றால் ரத்த அழுத்தம் சரிவதில்) இந்த எண் 0.25-ஐ நெருங்கும்போதுதான் வாசோப்ரெசின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பது பற்றிய பேச்சு வரும். 0.25-லோ அதற்கு மேலோ நான்கு மணி நேரமாவது நீடித்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஸ்டீராய்டு, 50 மி.கி. ஆறு மணிக்கொரு முறை. 'டோஸ் கூடிக்கொண்டே போகிறது' என்று சொல்பவருக்கும் '0.23-ல் இருக்கிறது, மூன்று மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிட்டது' என்று சொல்பவருக்கும் கன்சல்டன்ட் தரும் பதில் வேறாக இருக்கும்.

கட்டுரைகளில் உள்ள டோஸை உங்கள் யூனிட்டோடு ஒப்பிடும்போது, அது நோரட்ரீனலின் பேஸா (மருந்து மட்டும்), டார்ட்ரேட்டா (அதன் உப்பு வடிவம்) என்று பாருங்கள். 2 மி.கி. டார்ட்ரேட்டில் 1 மி.கி. பேஸ்தான் இருக்கிறது. பார்க்காமல் விட்டால் இரண்டு மடங்கு பிசகும்.

சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் போடும் குழாய்) எத்தனை போட்டால் தனியாகப் போட விடுவார்கள்?

எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். டாப்ஸ் எனப்படும் செய்முறை மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதப்படுவது எவ்வளவு மேற்பார்வை தேவைப்பட்டது என்பதுதான். இருபது லைன் போட்டும், பழகாத உடல்வாகு கொண்ட ஒருவரிடம் ஊசி முனையை அல்ட்ராசவுண்ட் திரையில் தவறவிடுபவர்கள் உண்டு.

வலது கழுத்துச் சிரையில் போடும்போது மேற்பார்வையாளர் கவனிக்கும் இடங்கள் தெரிந்தால் பயிற்சி கூர்மையாகும். முதலில், திரையில் தெரிவது ஊசியின் முனையா, தண்டா? குறுக்கு வெட்டில் இரண்டுமே ஒரு வெள்ளைப் புள்ளிதான். புரோபை முன்னும் பின்னும் நகர்த்திப் புள்ளி மறையும் இடத்தைக் கண்டுபிடித்தால்தான் முனை எங்கே என்று தெரியும். அடுத்தது கைடு ஒயர், அதாவது கதீட்டருக்கு (குழாய்க்கு) வழிகாட்டும் கம்பி. ஒயர் தடையின்றிப் போனது என்பதாலேயே அது சிரையில் இருக்கிறது என்றாகாது. டைலேட்டரை (ஊசி போன வழியை அகலப்படுத்தும் கருவியை) தொடும் முன், குறுக்காகவும் நெடுக்காகவும் பார்த்து ஒயர் சிரைக்குள்தான் படுத்திருக்கிறது என்று உறுதி செய்ய வேண்டும். ஊசி தமனியில் பட்டால் அழுத்திப் பிடித்துச் சமாளிக்கலாம். டைலேட்டர் தமனிக்குள் போனால் அறுவை சிகிச்சை நிபுணரைக் கூப்பிட வேண்டிவரும். டைலேட்டரையும் முழு நீளத்துக்குத் தள்ளக் கூடாது. சிரை எத்தனை ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை போதும்.

மூன்றாவது, ஒயரை உள்ளேயே விட்டுவிடுவது. என்.எச்.எஸ். இதை ஒருபோதும் நடக்கவே கூடாத சம்பவங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. திறமைக் குறைவால் நடப்பதை விட, கதீட்டரை ஏற்றும் அந்த அரை நிமிடத்தில் யாரோ கேள்வி கேட்டு கவனம் சிதறுவதால் நடப்பதே அதிகம். ஒயரின் பின்முனை கதீட்டரின் பின்பக்கம் வெளியே வந்து, அதை விரலால் பிடித்த பிறகே கதீட்டர் ஒரு மில்லிமீட்டராவது தோலுக்குள் நகர வேண்டும். எடுத்ததும் 'ஒயர் வெளியே' என்று சத்தமாகச் சொல்லி, உதவியாளர் கண்ணால் பார்த்து, படிவத்தில் குறிக்க வேண்டும். கூச்சப்படாமல் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

இன்டியூபேஷன் (மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவது) கற்றுத் தருவார்களா?

அடிப்படைப் பயிற்சியில் சுவாசப் பாதையைத் திறந்து வைப்பது, பை-மாஸ்க்கால் மூச்சுத் தருவது, இன்டியூபேஷன் குழுவில் உறுப்பினராக நிற்பது வரை வரும். தானே மருந்து கொடுத்துக் குழாய் போடுவது தகுதி பெற்ற பிறகு படிக்கும் கூடுதல் திறன், அதற்கு எஃப்.ஐ.சி.எம். தனி வரையறை வைத்திருக்கிறது. இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 2011-ல் வெளியான நேப்-4 என்ற பிரிட்டன் தேசியத் தணிக்கை, ஐசியுவில் சுவாசப் பாதைச் சிக்கலால் நேர்ந்த மரணங்களிலும் நிரந்தர மூளைப் பாதிப்புகளிலும் 74 சதவீதத்தில் கேப்னோகிராஃப் (வெளிவரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) பயன்படுத்தாதது ஒரு காரணமாக இருந்ததைக் காட்டியது. அதனால் குழாய் போடும் முன் நீங்கள் கற்க வேண்டியது, கேப்னோகிராஃப் கோடு தட்டையாக இருந்தால் 'குழாய் சரியான இடத்தில் இல்லை' என்று உரக்கச் சொல்லும் துணிவு. தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் முயற்சிகள் அதிகபட்சம் மூன்று; அந்த எண்ணிக்கையைச் சொல்லும் ஆளாகவும் நீங்கள் இருக்கலாம்.

சி.பி.டி. (ஒரு கேஸை வைத்து நடக்கும் கலந்துரையாடல்), மினி-சி.இ.எக்ஸ். (நோயாளியைப் பரிசோதிப்பதை நேரில் பார்த்து மதிப்பிடுவது) எல்லாம் படிவம் நிரப்பும் வேலையாகத் தெரிகிறதே?

நன்றாக நடந்த, சுலபமான கேஸை எடுத்துப் போனால் அப்படித்தான் தெரியும். நீங்கள் தயங்கிய கேஸை எடுத்துப் போங்கள். உதாரணமாக, ஏ.ஆர்.டி.எஸ். (கடுமையான நுரையீரல் பாதிப்பு) உள்ள பெண், உயரம் 165 செ.மீ., எடை 90 கிலோ. வென்டிலேட்டரில் டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போகும் காற்று) 540 மி.லி. கிலோவுக்கு 6 மி.லி.தானே, சரிதானே என்று தோன்றும். ஆனால் நுரையீரல் உடல் பருமனோடு வளர்வதில்லை, உயரத்தைப் பொறுத்தது. பெண்களுக்கு 45.5-உடன், உயரத்தில் 152.4 கழித்து 0.91-ஆல் பெருக்கியதைக் கூட்ட வேண்டும், ஆண்களுக்கு 45.5-க்குப் பதில் 50. இவருக்கு வருவது 57 கிலோ. 6 மி.லி. என்றால் 342 மி.லி. வென்டிலேட்டரும் திரையும் சரியாக இருக்க, நோயாளிக்குக் கிலோவுக்கு ஒன்பதரை மி.லி. போய்க்கொண்டிருக்கிறது. 2000-ல் வெளியான 861 நோயாளிகளின் ஆய்வில், கிலோவுக்கு 12 மி.லி. பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மி.லி. பெற்றவர்களில் 31 சதவீதம்.

இந்த ஒரு கேஸிலிருந்தே சி.பி.டி. ஒரு மணி நேரம் ஓடும். அளவைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும். எவ்வளவு பிஎச் வரை பொறுப்பீர்கள்? பிளேட்டோ அழுத்தம் (மூச்சை உள்ளே நிறுத்தி அளக்கும் அழுத்தம்) 30-க்கு மேல் இருந்தால் அடுத்து என்ன? எப்போது குப்புறப் படுக்க வைப்பீர்கள்? இந்தக் கேள்விகளில் திணறிய இடத்தைப் படிவத்தில் நேர்மையாக எழுதச் சொல்லுங்கள். எல்லாக் கட்டத்திலும் 'சிறப்பு' என்று இருக்கும் போர்ட்ஃபோலியோவை ஆண்டு மதிப்பாய்வில் யாரும் நம்புவதில்லை.

நான் எம்.பி.பி.எஸ்., எம்.டி. அனஸ்தீசியா. இதில் சேரலாமா?

இது உங்களுக்கான பாதை அல்ல. டாக்டர்களுக்கு இந்தியாவில் டி.எம்., டிஆர்.என்.பி. கிரிட்டிக்கல் கேர் என்ற உயர் சிறப்புப் படிப்புகள் இருக்கின்றன. வெளிநாட்டில் பயன்பட இடிக் (ஐரோப்பிய தீவிர சிகிச்சை டிப்ளமோ) தேர்வு எழுதலாம்.

சென்னையில் ஐசியு நர்ஸ். இங்கேயே நர்ஸ் பிராக்டிஷனர் எம்.எஸ்சி. படிப்பதா, பிரிட்டன் போவதா?

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்' இரண்டு ஆண்டு ரெசிடென்சி, பி.எஸ்சி. நர்சிங்கோடு குறைந்தது ஓராண்டு மருத்துவமனை அனுபவம் வேண்டும். படுக்கையோரக் கற்றல் அதிகம் உள்ள நல்ல பாடத்திட்டம். ஆனால் பிரிட்டனில் உள்ளது போன்ற சுதந்திரமான மருந்தெழுதும் உரிமை இதோடு வராது. மருத்துவமனையின் நெறிமுறைக்கும் நிலையுத்தரவுக்கும் உட்பட்டே செயல்பட வேண்டும். சேரும் முன் அந்த மருத்துவமனையில் முடித்தவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மறுபடி பழைய ஸ்டாஃப் நர்ஸ் ரோட்டாவுக்கே போயிருந்தால் யோசிக்க வேண்டும்.

இந்தப் பட்டத்தோடு பிரிட்டன் போனாலும் நேரடியாக ஏ.சி.சி.பி. ஆக முடியாது. முதலில் என்.எம்.சி. (பிரிட்டன் நர்சிங் கவுன்சில்) பதிவு: கணினித் தேர்வு, ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு, ஆங்கிலத்தில் ஐ.இ.எல்.டி.எஸ். 7, எழுத்தில் மட்டும் 6.5. பிறகு அங்கே ஐசியு அனுபவம், அதன் பிறகே டிரெய்னி விண்ணப்பம். இங்கே படித்த படிப்பு வீண் போகாது. முதுநிலைத் தரத்துக்குச் சான்றாக நிற்கும். அதற்காக, செய்முறைப் பதிவேட்டை ஒவ்வொரு மாதமும் மேற்பார்வை டாக்டரின் கையெழுத்து, பதிவு எண், தேதியோடு முடித்து, மருத்துவமனை முத்திரையுடன் ஸ்கேன் எடுத்து வையுங்கள். மூன்று வருடம் கழித்து, வேலை மாறிப்போன டாக்டரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியமல்ல.