பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) முடித்துவிட்டு ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படித்தால், அது இந்தியாவில் வேலைக்கு உதவுமா?

உதவும். "அங்கே குளிருக்குக் கட்டுகிறார்கள், இங்கே வெயிலுக்குக் கட்டுகிறோம், அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று உங்களிடமும் யாரோ சொல்லியிருக்க வேண்டும், கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது. என்னிடம் சொல்லாதவர்களே இல்லை. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தக் குளிர்தான்.

இங்கே ஐந்து வருடமும் சூரியப் பாதை வரைபடத்தை, அதாவது வருடம் முழுக்க சூரியன் வானில் எங்கே நிற்கும் என்று காட்டும் படத்தை, ஷீட்டின் மூலையில் ஒட்டினோம். எங்கள் வரைபடங்களை ஆசிரியர்கள் மதிப்பிடும் எந்த ஜூரியிலும் அதைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை. அங்கே முதல் செமஸ்டர் ஸ்டூடியோவில் (வடிவமைப்பு வகுப்பில்) பேராசிரியர் அதிலிருந்துதான் தொடங்கினார். நான் படித்த ஊரில் டிசம்பர் கடைசியில், நடுப்பகலிலும் சூரியன் சுமார் 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதே நாளில் சென்னையில் 53 டிகிரி. 10 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் அங்கே 35 மீட்டரைத் தாண்டிப் போகும். பக்கத்துக் கட்டடத்தை எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு வீட்டுக்கு வெயில் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும்.

அப்புறம் சுவர். 1:20 அளவில், சுவரைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷன், 1:5 அளவில், அதன் நுணுக்கங்களைக் காட்டும் டீடெய்ல். பால்கனி ஸ்லாப் வழியாக உள்ளேயிருக்கும் வெப்பம் எப்படிக் கசிந்து வெளியேறும், அதை எங்கே தடுக்க வேண்டும் என்று வரைந்து காட்டாமல் மதிப்பெண் கிடையாது. இந்த டீடெய்லை அப்படியே இங்கே பயன்படுத்த முடியாதுதான். ஆனால் வெப்பம் எந்த வழியாக வெளியே போகிறது என்று வரையத் தெரிந்தவருக்கு, அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்றும் வரையத் தெரியும்.

டெசா நகரில் 1926-இல் திறந்த, பாவ்ஹவுஸ் என்ற புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளியின் கட்டடத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். ஒரு சங்கிலியை இழுத்தால் வரிசையாக ஜன்னல்கள் திறக்கும் அந்த ஏற்பாட்டை நேரில் பார்த்து அசந்துபோனேன். அந்தப் பெரிய கண்ணாடிச் சுவரால் உள்ளே கோடையில் புழுக்கமும் குளிர்காலத்தில் கடுங்குளிரும் இருந்ததையும் அங்கேயே விவாதித்தோம். இங்கே வரலாற்றுப் பாடத்தில் அதைப் புகழ்ந்து மட்டுமே எழுதியிருந்தேன்.

திரும்பி வந்து சேர்ந்த அலுவலகத்தில், மேற்குப் பார்த்த மூன்று மாடிக் கட்டடத்துக்கு முழுக் கண்ணாடி முகப்பு கேட்டார் கிளையன்ட். "ஜெர்மனியில் படித்தவர் இருக்கிறாரே, அவரே செய்யட்டும்" என்று என்னிடம் தந்தார்கள். நான் ரெண்டர் (கணினியில் செய்யும் நிஜம் போன்ற படம்) எதுவும் போடவில்லை. மே மாதம் மாலை நான்கு மணி வெயில் எந்த மேசை வரை வரும் என்று ஒரே ஒரு செக்‌ஷன் வரைந்து கொண்டுபோனேன். பாதிக்கு மேல் கண்ணாடி போய், உள்ளே தள்ளிய ஜன்னல்களும் செங்குத்து மறைப்புகளும் வந்தன. அந்தக் கட்டடத்தில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

இங்கேயே படித்தவர்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அந்தச் சண்டைக்கு வராதீர்கள். என்னைவிட நன்றாக வரையும் நண்பர்கள் வெளிநாடே போனதில்லை. எனக்கு அந்தப் பழக்கம் அங்கே கிடைத்தது, அவ்வளவுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் "ஒரு பிளான் போட்டுக் கொடு" என்பார்கள். பல நாள் உழைப்புக்குக் காசு கேட்டால் கோபம் வேறு. டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஃபீஸ் கொடுக்கிறவர்களுக்கு எங்களுக்குக் கொடுக்க மட்டும் ஏன் மனம் வருவதில்லை?

சரி, உங்கள் விஷயம். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி இந்தியாவின் கட்டடக்கலைக் கவுன்சிலில் இப்போதே பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே மாஸ்டர்ஸ் முடித்தாலும் உடனே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. பொதுவாக இரண்டு வருட வேலை அனுபவத்துக்குப் பிறகு, அந்த மாநிலத்தின் ஆர்க்கிடெக்ட் சபையில் பெயர் சேர்ந்தால்தான் உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) காட்ட வேண்டிய தொகை, 2024 செப்டம்பரில் உயர்த்தியபடி, வருடத்துக்கு 11,904 யூரோ. பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஜெர்மன் கற்றுக்கொண்டே போங்கள், சைட்டில் யாரும் ஆங்கிலத்தில் பேச மாட்டார்கள். போர்ட்ஃபோலியோவில் ரெண்டர்களைக் குறைத்துவிட்டு, நீங்களே யோசித்து வரைந்த சுவர் செக்‌ஷன் ஒன்றையாவது வையுங்கள்.