ரத்தத்தில் எல்டிஎச் கூடியிருக்கிறது, அப்பாவுக்குப் புற்றுநோய் பரவிவிட்டதா?

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் நின்றுவிட்டேன். "பத்து நாளாக முதுகுவலி, ராத்திரி படுத்தால் அதிகம், நேற்று மாடிப்படியில் கால் தடுமாறியது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நுரையீரல் புற்றுநோய் உள்ளவருக்கு இது போகிற போக்கில் சொல்கிற விஷயமே இல்லை. முதுகெலும்புக்குப் பரவிய கட்டி தண்டுவடத்தை அழுத்த ஆரம்பித்தால் இப்படித்தான் தொடங்கும்: முதலில் வலி, அப்புறம் காலில் பலம் குறையும், மரத்துப்போகும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அவசரப் பிரிவில் "நுரையீரல் புற்றுநோய், முதுகுவலி, கால் தடுமாற்றம்" என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். முதுகெலும்பு முழுவதும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் இருந்தால் ஸ்டீராய்டு, கதிர்வீச்சு, சிலருக்கு அறுவை சிகிச்சை. நடக்கும் நிலையிலேயே சிகிச்சைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள், கால் விழுந்த பிறகு வந்தால் மறுபடி நடக்கவைப்பது மிகவும் கஷ்டம்.

இனி நீங்கள் கேட்ட ரத்தப் பரிசோதனை எண்கள். எல்டிஎச் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கும் நொதி, எந்தச் செல் உடைந்தாலும் ரத்தத்தில் கூடும். ரத்தம் எடுக்கும்போது ஊசியில் சிவப்பணுக்கள் சிதைந்தாலே போதும். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின் அடியில் அப்படிச் சிதைந்ததாகச் சின்ன எழுத்தில் குறிப்பே இருக்கிறது! அதைப் படிக்காமல் மூன்று இரவு இணையத்தில் தேடி 410 என்ற எல்டிஎச் எண்ணுக்கு ஆயுள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு வந்திருக்கும் சிறுசெல் வகை நுரையீரல் புற்றுநோயில் எல்டிஎச்சும் என்எஸ்இ என்ற இன்னொரு நொதியும் நோயின் அளவை ஊகிக்க உதவும், உண்மைதான். ஆனால் என்எஸ்இயும் சிவப்பணுக்களில் இருப்பதுதான், ஆகவே அந்த ரத்த மாதிரியில் இரண்டையுமே நம்ப முடியாது. புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

எனக்கு உறுத்துவது 265 என்று கூடி வந்த ஏஎல்பி என்ற நொதி. அது கல்லீரலிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். கல்லீரல் பாதிப்பில் கூடும் ஜிஜிடி என்ற நொதி சரியாக இருப்பதால் எலும்பைத்தான் முதலில் சந்தேகிக்கத் தோன்றுகிறது. பரவியிருக்கிறதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். ஒருவேளை பரவியிருந்தாலும் கால்களைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி கொஞ்சம் கூடியதற்காக "கல்லீரலைச் சுத்தம் செய்யும்" பொடி கொடுக்கிறீர்களே, அதை உடனே நிறுத்துங்கள். கீமோ மருந்தும் எஸ்ஜிபிடியை ஏற்றலாம், பொடியும் ஏற்றலாம்; எதனால் என்று பிரிக்க முடியாமல் கீமோவைத் தள்ளிப்போட வேண்டி வரும். பழைய ஸ்கேன்களோடு அந்தப் பொடி டப்பாவையும் எடுத்துப் போங்கள்.

கிளம்பும் முன் அப்பாவிடம் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று நீங்களே கேளுங்கள், கூச்சப்பட்டு அவராகச் சொல்லாமல் இருந்துவிடலாம்.